மனச்சிதைவு: வீடு சொல்வதும் மருத்துவம் சொல்வதும்

2005இல் ‘சந்திரமுகி’யும் ‘அந்நியனு’ம் இரண்டு மாத இடைவெளியில் வெளிவந்தன. மனநோய் என்றாலே ஓர் உடம்புக்குள் இரண்டு ஆள் குடியிருப்பது என்ற எண்ணத்துக்கு அவை நல்ல தீனி போட்டன. படங்களில் வந்தது வேறு கோளாறு. ஸ்கிசோஃப்ரீனியா என்று மருத்துவர்கள் சொல்லும் மனச்சிதைவில் இரண்டாவது ஆள் யாரும் கிடையாது. இருப்பவர் அதே ஆள்தான். ஆனால் யாருமில்லாத அறையில் அவருக்குக் குரல் கேட்கிறது. பக்கத்து வீட்டார் தனக்கு விஷம் வைக்கிறார்கள் என்று உறுதியாக நம்புகிறார். பேச்சு கோர்வையிழக்கிறது. சிலர் குளிக்காமல், யாரோடும் பேசாமல் மூலையில் முடங்கிவிடுகிறார்கள். வீட்டில் இதற்கு வைக்கும் பெயர் சோம்பேறித்தனம், இல்லாவிட்டால் திமிர். உலகில் சுமார் 300 பேரில் ஒருவருக்கு இந்த நோய் இருக்கிறது.

“ஒரு ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடாதா?” தெரியாது. ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் தைராய்டு, மூளைக்கட்டி, போதைப்பொருள் போன்ற வேறு காரணங்களை ஒதுக்குவதற்குத்தான். மற்றபடி நோயாளியிடமும் வீட்டாரிடமும் பேசித்தான் மருத்துவர் முடிவுக்கு வருகிறார். உலக சுகாதார நிறுவனத்தின் வரையறைப்படி அறிகுறிகள் ஒரு மாதமாவது நீடிக்க வேண்டும். அமெரிக்க வரையறை மொத்தப் பாதிப்பு ஆறு மாதம் தொடர்ந்திருக்க வேண்டும் என்கிறது. எனவே ஒரு வாரம் தூங்காமல் புலம்பியவருக்கு உடனே இந்தப் பெயரைச் சூட்டிவிட முடியாது.

“வளர்ப்பு சரியில்லை.” இதைச் சொன்னது ஊர் மட்டுமல்ல. 1948இல் அமெரிக்க மனநல மருத்துவர் ஃபிரீடா ஃபிராம்-ரெய்க்மன் பழியைத் தாயின் மேல் போட்டு எழுதினார்; பிறகு பல ஆண்டுகள் மருத்துவமனைகளிலேயே அம்மாக்கள் குற்றவாளிகளாக நின்றார்கள். 1966இல் லியோனார்ட் ஹெஸ்டன் வெளியிட்ட ஆய்வு அந்தக் கதையை அசைத்தது. மனச்சிதைவுள்ள தாய்மாருக்குப் பிறந்து, பிறந்த சில நாளிலேயே பிரிக்கப்பட்டு வேறிடத்தில் வளர்ந்த 47 பேரில் 5 பேருக்கு நோய் வந்திருந்தது. ஒப்பீட்டுக்கு எடுத்த 50 பேரில் ஒருவருக்குக்கூட வரவில்லை. அதற்காகப் பரம்பரையே எல்லாம் என்றும் ஆகாது. ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையரில் ஒருவருக்கு நோய் வந்தால், மற்றவருக்கு வரும் வாய்ப்பு ஏறக்குறைய பாதிதான். கருவிலிருக்கும்போது தாய் பட்ட பட்டினி, இளவயதில் கஞ்சா போன்றவையும் ஆபத்தைக் கூட்டுகின்றன.

கோயில், தர்கா விஷயத்தில் பேச்சு சட்டென்று சூடாகிவிடும். 2001 ஆகஸ்ட் 6 அன்று, தர்காவுக்குப் பெயர்பெற்ற ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு காப்பகக் கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். 2017இன் மனநலப் பராமரிப்புச் சட்டம் எந்த வடிவிலும் சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது. ஆனால் கோயிலுக்குப் போவதையே கேலி செய்கிறவர்கள் இன்னொன்றையும் கேட்க வேண்டும். தமிழ்நாட்டுக் கிராமக் கோயில் ஒன்றில் சில வாரம் தங்கியவர்களைப் பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல நிறுவன மருத்துவர்கள் ஆராய்ந்து 2002இல் எழுதினார்கள்: மருந்தில்லாமலே அறிகுறிகள் சுமார் 20 விழுக்காடு குறைந்திருந்தன. அங்கே மிரட்டல் இல்லை, அரவணைப்பு இருந்தது. ஆனால் மிஞ்சிய அறிகுறிகளுக்கு மருந்து வேண்டும். கோயிலா மருத்துவமனையா என்ற சண்டையில் கழியும் மாதங்கள்தான் பெரிய நஷ்டம். மருந்தில்லாத காலம் நீள நீளத் தேறுவது கடினமாகிறது.

“அது வெறும் தூக்க மாத்திரை.” இல்லை. 1952இல் பாரிஸில் குளோர்புரோமசின் நோயாளிகளை அமைதிப்படுத்தியது முதல், மூளையின் டோபமைனைக் கட்டுப்படுத்தும் மருந்துகள்தான் சிகிச்சையின் அடித்தளம். 2012இல் வெளியான பெரிய தொகுப்பாய்வில், மருந்தை நிறுத்தியவர்களில் 64 விழுக்காட்டினருக்கு ஓராண்டுக்குள் நோய் திரும்பியது, தொடர்ந்தவர்களில் 27. உடல் எடை, சர்க்கரை, கைநடுக்கம் என்ற புகார்கள் உண்மைதான். அவற்றைச் சொன்னால் மருந்தையோ அளவையோ மாற்றலாம். இரண்டு மருந்துக்கும் கேட்காதவர்களுக்குக் குளோசபின் உண்டு, ரத்த அணுக்களைத் தவறாமல் எண்ணிப் பார்க்க வேண்டும் என்ற நிபந்தனையோடு.

வன்முறை பயம் பெரும்பாலும் செய்தித்தாள் தந்தது. மனச்சிதைவுள்ளவர்கள் அடிப்பதைவிட அடிபடுவதே அதிகம்.

எல்லாவற்றிலும் அதிகக் கேடு செய்வது அன்பாகச் சொல்லப்படும் ஒரு யோசனை: “ஒரு கால்கட்டு போட்டால் சரியாகிவிடும்.” நோய் தலைகாட்டும் வயதும் ஜாதகம் எடுக்கும் வயதும் பெரும்பாலும் ஒன்றுதான். மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியாதபடி பெண்ணின் மாத்திரை நிறுத்தப்படுகிறது. சில மாதத்தில் குரல்கள் திரும்புகின்றன, பெண் பிறந்த வீட்டுக்கு அனுப்பப்படுகிறாள். டாக்டர் சாரதா மேனன் 1984இல் சென்னையில் தொடங்கிய ஸ்கார்ஃப் என்ற மனச்சிதைவு ஆராய்ச்சி அமைப்பின் ஆய்வாளர்கள் இப்படிக் கைவிடப்பட்ட பெண்களைப் பற்றித் தனியாகவே எழுதியிருக்கிறார்கள். கல்யாணமே கூடாது என்பதல்ல. சிகிச்சையோடு வேலை பார்த்துக் குடும்பம் நடத்துகிறவர்கள் நிறைய. பிள்ளை பெற நினைத்தால் எந்த மாத்திரையைத் தொடரலாம் என்று மருத்துவரிடம் முன்கூட்டியே பேசி முடிவெடுக்கலாம். அந்தப் பேச்சில் கணவரும் உட்கார வேண்டுமென்றால், நிச்சயதார்த்தத்துக்கு முன்பே அவருக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும்.