“ஃபேக்ஸ் அனுப்பிட்டேன்” என்றால் போதுமா?
அலுவலகக் கணினியிலிருந்து தொலைநகல்: ஓர் எளிய பாடம்

ஆதனக்கோட்டையில் முந்திரி வியாபாரம் செய்கிறீர்களா? கீரமங்கலத்தில் பூ கமிஷன் கடை வைத்திருக்கிறீர்களா? ஜெகதாப்பட்டினத்திலிருந்து மீன் அனுப்புகிறீர்களா? அப்படியென்றால் உங்களிடம் ஒரு கணினி, ஒரு பிரிண்டர், ஒரு தொலைபேசி இணைப்பு இருக்கும். மெயிலும் வாட்ஸ்அப்பும் வந்தபிறகு ஃபேக்ஸை மறந்தே போயிருப்பீர்கள். திடீரென்று ஒருநாள் வெளிநாட்டு வாடிக்கையாளரோ, வக்கீலோ, ஏதாவது ஓர் அலுவலகமோ, “கடிதத்தை உடனே ஃபேக்ஸ் பண்ணிடுங்க” என்பார்கள். ஜெராக்ஸ் கடைக்கு ஓடினால், “மெஷினை எடுத்து ரொம்ப நாளாச்சு சார்” என்று பதில் வரும்.

ஃபேக்ஸ் இன்னும் முழுதாகப் போய்விடவில்லை. அரசு அலுவலகக் கடிதங்களின் தலைப்பில் தொலைநகல் எண்ணை இன்றும் பார்க்கலாம். ஜப்பானில் 2021-ல் அரசு அலுவலகங்களில் ஃபேக்ஸை ஒழிக்கப் பார்த்தார்கள். உள்ளிருந்தே எதிர்ப்பு வந்ததால் அந்தத் திட்டத்தைக் கைவிட்டார்கள்.

உங்கள் அலுவலகக் கணினியிலிருந்தே ஃபேக்ஸ் அனுப்பலாம், வாங்கலாம். அது ஒண்ணும் கஷ்டமில்லை. ஆனால் ‘அனுப்பு’ பட்டனை அழுத்துவது பாதி வேலைதான். போய்ச் சேர்ந்ததற்கான அத்தாட்சியை வாங்கி, தேதியோடு பத்திரப்படுத்துவது மீதிப் பாதி. இந்த இரண்டாவது பாதியை விட்டுவிட்டால் பணமும் போகலாம், வழக்கும் போகலாம்.

ஒரு தேதி தோற்கடித்த வழக்கு

உச்ச நீதிமன்றம் 1999-ல் தீர்ப்பளித்த ஒரு வழக்கைப் பாருங்கள். பெங்களூரைச் சேர்ந்த எக்ஸிம் எய்ட்ஸ் என்ற பட்டு ஏற்றுமதி நிறுவனத்துக்கு, அமெரிக்காவின் சில் இம்போர்ட் நிறுவனம் கொடுத்த காசோலைகள் பணமில்லாமல் திரும்பின. எக்ஸிம் எய்ட்ஸ் 1996 ஜூன் 11-ந் தேதி ஃபேக்ஸ் மூலம் நோட்டீஸ் அனுப்பியது. மறுநாள் அதே நோட்டீஸைப் பதிவுத் தபாலிலும் அனுப்பியது. தபால் ஜூன் 25-ந் தேதி போய்ச் சேர்ந்தது. ஆகஸ்ட் 8-ந் தேதி நீதிமன்றத்தில் புகார் தாக்கலானது.

காசோலை வழக்கில் நாள் கணக்கு கறாரானது. நோட்டீஸ் கிடைத்ததிலிருந்து 15 நாளில் பணம் தர வேண்டும். தராவிட்டால், அதற்குப் பிறகு ஒரு மாதத்துக்குள் புகார் தாக்கல் செய்ய வேண்டும். தபால் கிடைத்த ஜூன் 25-லிருந்து எண்ணினால் ஆகஸ்ட் 8 கெடுவுக்குள் வருகிறது. ஃபேக்ஸ் போன ஜூன் 11-லிருந்து எண்ணினால் ஜூலை மாதக் கடைசியிலேயே கெடு முடிந்துவிடுகிறது.

நீதிமன்றம் என்ன சொன்னது? ஃபேக்ஸில் கொடுத்த நோட்டீஸும் எழுத்து மூலமான நோட்டீஸ்தான், அது கிடைத்த நாளிலிருந்தே கணக்கு தொடங்கிவிடும் என்றது. புகார் காலம் கடந்தது என்று முடிவானது. நோட்டீஸ் அனுப்பியவருக்கே அவர் அனுப்பிய ஃபேக்ஸ் எதிராகத் திரும்பிவிட்டது!

பின்னாளில் சட்டம் திருத்தப்பட்டது. போதுமான காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிக்க நீதிமன்றத்துக்கு இப்போது அதிகாரம் உண்டு. ஆனாலும் பாடம் மாறவில்லை. “ஃபேக்ஸ்தானே, அப்புறம் தபால்லயும் அனுப்பிட்டோமே” என்று அலட்சியமாக இருக்கக்கூடாது. ஃபேக்ஸ் போன தேதி உங்கள் கையில் எழுத்தில் இருக்க வேண்டும்.

என்னென்ன வேண்டும்?

புதிய கணினிகளில் ஃபேக்ஸ் மோடம் இருப்பதில்லை. ஆகவே மூன்று வழிகள் உண்டு.

முதல் வழி: யு.எஸ்.பி.யில் செருகும் ஃபேக்ஸ் மோடம். தொலைபேசி ஒயரை அதில் செருகி, விண்டோஸில் உள்ள ‘ஃபேக்ஸ் அண்ட் ஸ்கேன்’ மூலம் அனுப்பலாம். மோடமோ ஃபேக்ஸ் சர்வரோ இல்லாமல் அந்த மென்பொருள் மட்டும் இருந்தால் ஃபேக்ஸ் போகாது. வாங்கும் முன் உங்கள் விண்டோஸுக்கு ஒத்துவருமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது வழி: ஃபேக்ஸ் வசதியுள்ள ஆல்-இன்-ஒன் பிரிண்டர். பிரிண்டர் நிறுவனம் தரும் ‘பிசி ஃபேக்ஸ்’ மென்பொருளைப் போட்டுக்கொண்டால், பிரிண்ட் கொடுப்பதுபோலவே ஃபேக்ஸும் கொடுக்கலாம். சிறு கடைக்கு இதுவே சுலபம்.

மூன்றாவது வழி: நான்கைந்து கணினி உள்ள அலுவலகத்துக்கு ஒரே ஃபேக்ஸ் சர்வர். விண்டோஸ் சர்வரில் இதற்கான வசதி உண்டு. லினக்ஸில் ‘ஹைலாஃபேக்ஸ்’ என்ற இலவச மென்பொருள் உண்டு. எல்லோருடைய ஃபேக்ஸும் ஒரே இடம் வழியாகப் போவதால், எது போனது, எது நின்றது என்பது ஒரே பட்டியலில் தெரியும்.

ஃபைபர் இணைப்புக்கு மாறியவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். ஃபைபரில் குரல் சின்னச் சின்னத் தரவுப் பொட்டலங்களாகப் போகிறது. பேச்சில் ஒரு துளி விட்டுப்போனால் காது பொறுத்துக்கொள்ளும், ஃபேக்ஸ் பொறுக்காது. பாதிப் பக்கத்தில் அறுந்துவிடும். இணைப்பு தரும் நிறுவனத்திடம் “டி.38 வசதி இருக்கா? இல்லேன்னா ஜி.711-ல வச்சுத் தர முடியுமா?” என்று கேளுங்கள். கூடவே ஃபேக்ஸ் வேகத்தை 9600-க்குக் குறைத்துப் பாருங்கள்.

மின்சாரமும் முக்கியம். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது மின்கம்பங்கள் சாய்ந்து நாம் பட்ட பாடு மறக்காது. ஃபைபர் மோடத்துக்கும் கரண்ட் வேண்டும். கணினிக்கு மட்டும் யு.பி.எஸ். கொடுத்துவிட்டு மோடத்தை விட்டுவிடாதீர்கள். பேரிடர் நேரத்தில் உதவி கேட்க ஃபேக்ஸை நம்ப வேண்டாம். மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077 எண்ணை அழையுங்கள்.

அனுப்பும் முன்: புள்ளியைக் காப்பாற்றுங்கள்

சாதாரணத் தரத்தில் ஃபேக்ஸ், அங்குலத்துக்குச் சுமார் 98 வரிகளைத்தான் மேலிருந்து கீழாகப் படிக்கும். ‘ஃபைன்’ தரத்தில் 196 வரிகள். தமிழுக்கு இந்த வித்தியாசம் பெரிது. புள்ளி மங்கினால் ‘க்’ என்பது ‘க’ ஆகிவிடும். கொம்பும் சுழியும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஆகவே தமிழ்க் கடிதத்தை எப்போதும் ‘ஃபைன்’ தரத்திலேயே அனுப்புங்கள்.

எழுத்து 12 புள்ளி அளவுக்குக் குறைய வேண்டாம், 14 இருந்தால் நல்லது. வண்ணப் பின்னணியும் ஹைலைட்டர் கோடும் கறுப்புத் திட்டாகப் போய்ச் சேரலாம். வெளிறிய ஊதா முத்திரை தெரியாமலே போகலாம். கையெழுத்து தேவையில்லாத பக்கங்களை பிரிண்ட் எடுத்து ஸ்கேன் செய்யாமல், கோப்பிலிருந்தே நேராக ஃபேக்ஸுக்குக் கொடுங்கள். தெளிவாகப் போகும்.

முதலில் ஒரு முகப்புப் பக்கம் வையுங்கள். யாருக்கு, எந்தப் பிரிவுக்கு, யாரிடமிருந்து, பொருள், திரும்ப அழைக்க வேண்டிய எண், முகப்பையும் சேர்த்து மொத்தம் எத்தனை பக்கம் ஆகியவை அதில் இருக்க வேண்டும். பக்க எண்ணிக்கை இல்லாவிட்டால், நாலாவது பக்கம் வராதது வாங்குபவருக்குத் தெரியவே தெரியாது. ஆதார் எண், வங்கிக் கணக்கு எண் போன்றவற்றை முகப்பில் எழுதாதீர்கள். ஃபேக்ஸ் தாள் பொது மேஜையில் போய் விழும்.

உங்கள் கணினியின் தேதியையும் நேரத்தையும் சரிபாருங்கள். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் அதுதான் அச்சாகும். ஃபேக்ஸ் அமைப்பில் உங்கள் நிறுவனப் பெயரும் தொலைபேசி எண்ணும் சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

எண்ணைச் சுழற்றும்போது

புதுக்கோட்டையின் கோடு 04322, அறந்தாங்கியின் கோடு 04371. அறந்தாங்கியிலிருந்து புதுக்கோட்டைக்கு அனுப்பும்போது கோடையும் சேர்த்துப் போட வேண்டும். அலுவலகத்தில் வெளி லைன் எடுக்க 9 அல்லது 0 அழுத்த வேண்டுமென்றால், அந்த எண்ணுக்குப் பிறகு ஒரு கமா போடுங்கள். கணினி கொஞ்சம் நிதானித்து, பிறகு மீதி எண்ணைச் சுழற்றும். அடிக்கடி அனுப்பும் எண்களை முகவரிப் புத்தகத்தில் ஒருமுறை சரிபார்த்துச் சேமியுங்கள். ஒரு இலக்கம் மாறினால் உங்கள் கடிதம் முகம் தெரியாத ஒருவர் கைக்குப் போகும்.

‘ஓகே’ வந்ததா?

கணினியில் ‘அனுப்பு’ அழுத்தியதும் ஃபேக்ஸ் முதலில் ‘அவுட்பாக்ஸ்’ வரிசையில் நிற்கும். எதிர்முனை பிஸியாக இருந்தால் அங்கேயே காத்திருக்கும். நீங்கள் கணினியை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டால், கடிதம் இன்னும் உங்கள் மேஜையில்தான் இருக்கிறது!

மின்னணு ஆவணங்கள் பற்றி 2000-ம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் சொல்வதும் இதுபோலத்தான். வேறு ஏற்பாடு எதுவும் பேசிக்கொள்ளாதபோது, அனுப்பியவரின் கட்டுப்பாட்டில் இல்லாத கணினி அமைப்புக்குள் ஆவணம் நுழையும் நேரமே அனுப்பிய நேரம் என்கிறது அதன் 13-வது பிரிவு.

எனவே அனுப்பியபின் அறிக்கையைப் பாருங்கள். அதில் நான்கு விஷயங்கள் சரியாக இருக்க வேண்டும்: எதிர்முனை எண், தேதி மற்றும் நேரம், பக்க எண்ணிக்கை, ‘ஓகே’ என்ற முடிவு. ஐந்து பக்கம் அனுப்பி ‘3’ என்று வந்திருந்தால் அது போகவில்லை என்றே அர்த்தம். ‘பிஸி’, ‘நோ ஆன்சர்’ என்றிருந்தால் பத்து நிமிடம் கழித்துத் திரும்ப அனுப்பும்படி அமைப்பிலேயே சொல்லி வைக்கலாம்.

‘ஓகே’ வந்துவிட்டால் எல்லாம் முடிந்ததா? இல்லை. எதிர்முனை இயந்திரம் வாங்கிக்கொண்டது என்பதுதான் அதன் பொருள். அதிகாரி படித்துவிட்டார் என்று பொருளில்லை. அங்கே தாள் தீர்ந்திருக்கலாம், மை மங்கியிருக்கலாம். ஒரு போன் போடுங்கள்:

“வணக்கம் மேடம், கீரமங்கலத்திலிருந்து பேசுறேன். பத்தரை மணிக்கு மூணு பக்கம் ஃபேக்ஸ் அனுப்பியிருக்கேன். மூணும் தெளிவா வந்திருக்கா? பதிவு பண்ணியாச்சுன்னா நம்பர் சொல்றீங்களா?”

அந்தப் பதிவு எண்ணை அறிக்கையின் மேலேயே எழுதி வையுங்கள். பிறகு எப்போது விசாரித்தாலும் அந்த எண்ணைச் சொன்னால் வேலை சீக்கிரம் நடக்கும்.

வருவதையும் கவனியுங்கள்

கணினி தானாக ஃபேக்ஸ் வாங்கும்படி அமைத்தால், வந்தவை ஒரு ஃபோல்டரில் போய்ச் சேரும். அதைத் திறந்து பார்ப்பது யார்? “யாராவது பார்ப்பாங்க” என்றால் யாரும் பார்க்க மாட்டார்கள். மேலே சொன்ன வழக்கை வாங்குபவர் பக்கத்திலிருந்து யோசித்துப் பாருங்கள். ஒரு நோட்டீஸ் உங்கள் கணினியில் தூங்கிக்கொண்டிருக்கும்போதே 15 நாள் ஓடிவிடும். காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை பார்க்க ஒருவரைப் பெயர் சொல்லி நியமியுங்கள்.

கோப்புக்குப் பெயர் வைக்க ஒரே முறையைப் பின்பற்றுங்கள். ஆண்டு, மாதம், தேதி, அனுப்பியவர், பொருள் என்ற வரிசையில் வைத்தால் தேடுவது எளிது. வாரம் ஒருமுறை வேறொரு டிஸ்கில் நகல் எடுங்கள். அனுப்பிய மூலக் கோப்பையும் கணினியின் ஃபேக்ஸ் பதிவையும் அழிக்காதீர்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய அதிநியமத்தின் 63-வது பிரிவின்படி, கணினியிலுள்ள ஆவணத்தின் அச்சு நகலை நீதிமன்றத்தில் சாட்சியமாகக் காட்ட ஒரு சான்றிதழ் இணைக்க வேண்டும். மூலக் கோப்பே இல்லையென்றால் எதை வைத்துச் சான்று தருவீர்கள்?

இன்னொரு எச்சரிக்கை. “எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இந்தக் கணக்குக்குப் பணம் போடுங்கள்” என்று ஃபேக்ஸ் வந்தால் உடனே நம்பிவிடாதீர்கள். ஃபேக்ஸ் தலைப்பில் எந்தப் பெயரையும் எண்ணையும் யாரும் போட்டுக்கொள்ளலாம். உங்களிடம் ஏற்கெனவே உள்ள எண்ணுக்குப் போன் செய்து உறுதிப்படுத்திய பிறகே பணம் அனுப்புங்கள்.

ஃபேக்ஸ் வேண்டாத இடங்கள்

சாதிச் சான்று, வருமானச் சான்று, பட்டா மாறுதல் போன்றவற்றுக்கு ஃபேக்ஸ் அனுப்பிப் பயனில்லை. இ-சேவை மூலம் விண்ணப்பித்தால் அப்போதே விண்ணப்ப எண்ணோடு ஒப்புகை கிடைக்கும். குறைகளுக்கு முதல்வரின் முகவரித் துறையின் 1100 எண் உள்ளது. திங்கட்கிழமை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் மனுவை நேரிலும் கொடுக்கலாம். உயில் போன்ற ஆவணங்களுக்கு அசல்தான் வேண்டும். எந்த அலுவலகமானாலும், ஃபேக்ஸ் அனுப்பும் முன் “ஃபேக்ஸ்ல அனுப்பினா ஏத்துக்குவீங்களா, அசலும் வேணுமா?” என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். சட்டப்படியான நோட்டீஸ் என்றால் வக்கீலிடம் கேட்காமல் அனுப்ப வேண்டாம்.

இன்றே ஒரு பதிவேடு தொடங்குங்கள்

நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும், கணினியில் எக்ஸெல் தாள் என்றாலும் சரி. இந்த ஆறு கட்டங்களைப் போடுங்கள்:

1. தேதி, நேரம்
2. அனுப்பியதா, வந்ததா
3. எதிர்முனைப் பெயர், எண்
4. பொருள், பக்க எண்ணிக்கை
5. அறிக்கையின் முடிவு
6. போனில் உறுதி செய்தவர், பதிவு எண்

ஒவ்வொரு ஃபேக்ஸுக்கும் ஒரு வரி எழுத இரண்டு நிமிடம்கூட ஆகாது. நாளைக்கு யாராவது “எங்களுக்கு எதுவும் வரலையே” என்று சொன்னால், அந்த வரியையும் ‘ஓகே’ அறிக்கையையும் எடுத்துக் காட்டுங்கள்.