பாதரட்சையைக் கழற்றுவதா, வேண்டாமா?

கேள்வி: என் கணவருக்கு வயது 77, எனக்கு 69. மகள் அமெரிக்காவில் குடியிருப்பதால் அவ்வப்போது நாங்கள் போய்வருவது வழக்கம். 2024-இல் சென்றபோது, சென்னையில் திரைக்குள் நிறுத்திக் கைக்கருவியால் சோதித்த பெண் காவலர் என் ஷூவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஐரோப்பாவில் விமானம் மாறிய இடத்தில் எனக்கு முன்னால் நின்ற பெண்மணியை அப்படியே விட்டுவிட்டு, என்னை மட்டும் கழற்றச் சொன்னார்கள். திரும்பி வருகையில் அமெரிக்க விமான நிலையம் ஒன்றில் என் கணவரை ஷூவோடு போகச் சொல்லிவிட்டு, என்னைக் கழற்ற வைத்தார்கள். எனக்கு நீண்ட நாளாகச் சர்க்கரை நோய்; பாதத்தில் உணர்ச்சி குறைவு; வெறுங்காலோடு ஓரடிகூட வைக்கக் கூடாது என்பது டாக்டர் கட்டளை. "எனக்கு மட்டும் ஏன்?" என்று கேட்டதற்கு, வரிசையை நிறுத்தாதீர்கள் என்ற அதட்டல்தான் பதில். சமீபத்தில் மறுபடியும் போனபோது, பழைய வழக்கப்படி நானே கழற்றினேன், "யார் கழற்றச் சொன்னது?" என்று அதற்கும் ஓர் அதட்டல். இதில் விதி என்று ஒன்று இருக்கிறதா, அங்கே நிற்பவர் மனம்போல நடக்கிறதா?
— ஒரு வாசகி, மயிலாடுதுறை

பதில்: அன்புள்ள அம்மையீர், தாங்கள் போன இடமெல்லாம் விதி இருக்கத்தான் செய்தது, ஆனால் ஒவ்வோர் இடத்திலும் அது வேறு அரசாங்கத்தின் வேறு விதி என்பதையும், அதைத் தங்களிடம் எடுத்துச் சொல்லும் கடமை தமக்கு உண்டென்று அங்கே நின்ற உத்தியோகஸ்தர்கள் கருதவில்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சோதனை இடத்துக்கு இடம், ஆளுக்கு ஆள் வேறுபடுவதை நான் குறை கூற மாட்டேன். அதற்குத் தக்க காரணங்கள் உள்ளன. என்ன செய்ய வேண்டும் என்பதைப் பிரயாணிக்குச் சொல்லாமல் விட்டுவிட்டு, அறியாமல் செய்ததற்காக அவரையே அதட்டுவதற்கு மட்டும் எந்தக் காரணமும் கிடையாது.

இந்த வழக்கம் பிறந்த கதையிலிருந்து தொடங்க வேண்டும். 2001-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் தேதி, பாரிஸிலிருந்து மயாமிக்கு 197 பேருடன் பறந்துகொண்டிருந்த அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விமானத்தில், தீக்குச்சி கொளுத்திய வாசனை வருகிறதே என்று தேடி வந்த பணிப்பெண், ரிச்சர்டு ரீட் என்ற பிரிட்டிஷ் பிரஜை தன் ஷூவிலிருந்து நீண்டிருந்த திரிக்கு நெருப்பு வைக்க முயல்வதைக் கண்டார். பணியாளர்களும் பிரயாணிகளும் அவன்மேல் பாய்ந்து அடக்கி, கைக்குக் கிடைத்த இடுப்புவார்களைக் கொண்டு கட்டிப்போட, விமானம் பாஸ்டன் நகரத்தில் இறங்கியது. முதல் நாளே சந்தேகத்தின் பேரில் நிறுத்தி விசாரிக்கப்பட்டு, அதனால் அன்றைய விமானத்தைத் தவறவிட்டு, மறுநாள் ஏறியவன் அவன். ஷூவின் அடிப்பாகத்துக்குள் அவன் மறைத்திருந்த வெடிமருந்து உலோகமன்று ஆகையால், உலோகத்தை மட்டுமே உணரும் மெட்டல் டிடெக்டர் வாயிலுக்கு அதைக் கண்டுபிடிக்க வகையில்லை. அவனுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. இதேபோல இன்னொரு விமானத்தைத் தகர்க்க ஒப்புக்கொண்டு, பிறகு பின்வாங்கிவிட்ட சாஜித் பாதத் என்பவன் பிற்பாடு இங்கிலாந்தில் பிடிபட்டு, 2005-இல் 13 ஆண்டுச் சிறைத் தண்டனை பெற்றான். ஆகவே, அபாயம் கற்பனையன்று. ஷூவைச் சோதிக்கத் தொடங்கியவர்கள் வீண் பீதியால் தொடங்கவுமில்லை.

ஆனால் அமெரிக்காவில் எல்லாப் பிரயாணிகளும் கட்டாயமாகக் கழற்றியாக வேண்டும் என்ற உத்தரவு அந்த டிசம்பரிலேயே பிறந்ததாகப் பலர் எண்ணுவது சரியன்று. அந்நாட்டுப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம், அதாவது டி.எஸ்.ஏ., அதற்கு ஒரு மாதம் முன்னர்தான் சட்டப்படி உருவாகியிருந்தது. முதல் சில ஆண்டுகள் கழற்றுவது நல்லது என்ற ஆலோசனையாகவும், தடித்த அடிப்பாகம் கண்டால் மட்டும் கேட்பதாகவும், ஊருக்கு ஊர் ஒரு விதமாக நடந்துவந்த காரியம், திரவ வெடிபொருள்களால் விமானங்களைத் தகர்க்கும் சதி லண்டனில் வெளிப்பட்ட 2006 ஆகஸ்டு மாதத்தில்தான் எல்லோருக்கும் பொதுவான கட்டாயமாயிற்று. அதன்பின் 2011-இல் 12 வயதும் அதற்குட்பட்டவர்களுமான குழந்தைகளுக்கும், 2012-இல் 75 வயது நிறைந்தவர்களுக்கும் விலக்கு அளித்தார்கள். தங்கள் கணவர் ஷூவோடும் தாங்கள் வெறுங்காலோடும் நடந்த மர்மம் இவ்வளவுதான்: அவர் அந்த வயதைக் கடந்துவிட்டார், தாங்கள் கடக்கவில்லை. இதை ஒரே வாக்கியத்தில் அந்த உத்தியோகஸ்தர் சொல்லியிருக்கலாம். பிறகு, 2025 ஜூலை 8-ஆம் தேதி உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் செயலாளர் கிறிஸ்டி நோம் அந்தக் கட்டாயத்தை நீக்கிவிட்டதாக அறிவித்தார். அதனால்தான் பழைய வழக்கப்படி கழற்றியது பிழையாகக் கருதப்பட்டது. 19 ஆண்டுகள் அதட்டிப் பழக்கிய ஒரு வழக்கத்தை மக்கள் மறக்கச் சில காலம் ஆகும் என்ற பொறுமை, பழக்கியவர்களுக்கு இருந்திருக்க வேண்டும்.

ஐரோப்பாவில் தங்களை மட்டும் ஏன் நிறுத்தினார்கள் என்பதற்கு வேறு காரணம் தேட வேண்டும். ஒரு ஷூவின் அடிப்பாகத்தைப் பிரித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் நடுவில், பாதத்தின் வளைவைத் தாங்குமிடத்தில், விரல் அகலத்தில் ஓர் எஃகுப் பட்டையைச் சில ஷூக்களில் வைத்துத் தைத்திருப்பார்கள். காந்தத் துண்டொன்றை அடித்தோலின்மேல் மெல்ல நகர்த்திக்கொண்டே போனால், அந்த இடத்தில் அது இழுபடுவதைச் சமயங்களில் விரல்களே உணரும். மெட்டல் டிடெக்டர் வாயில் என்பது நம்மைச் சுற்றி மின்காந்தத் துடிப்புகளை அனுப்பி, அவற்றுக்கு உலோகம் தரும் எதிரொலியை உணரும் கருவி. அந்தப் பட்டை, ஆணிகள், கொக்கிகள் ஆகியவை அதற்குப் போதும். நீரிழிவுக்காரர்களுக்கென்று செய்யும் ஷூக்களில் அடிப்பாகம் வழக்கத்தைவிடத் தடித்திருப்பதால், மெட்டல் டிடெக்டர் வாய் திறக்காவிட்டாலும் பார்ப்பவர் கண்ணுக்கே அது சந்தேகம் தரக்கூடும். முன்னால் சென்ற பெண்மணி மெல்லிய செருப்பு அணிந்திருந்தால் அவரை விட்டதும் தங்களை நிறுத்தியதும் ஒரே நியாயத்தின்படி நடந்தவையே.

இன்னொரு வகை இயந்திரமும் உண்டு. கைகளை உயர்த்தி நிற்கச் சொல்லி, மில்லிமீட்டர் அலைகளை உடல்மேல் செலுத்திப் பார்க்கும் ஸ்கேனர், 2009 டிசம்பர் 25-ஆம் தேதி டெட்ராயிட் சென்ற விமானத்தில் ஒருவன் உள்ளாடைக்குள் வெடிமருந்து வைத்து வந்த சம்பவத்துக்குப் பின் வேகமாகப் பரவியது. ஆடைக்கடியில் இருப்பதை அது காட்டும். ஆயினும் தரையோடு ஒட்டிய தடித்த அடிப்பாகத்தினுள் ஊடுருவிப் பார்ப்பதில் பழைய ஸ்கேனர்களுக்குத் திறமை போதாது. கழற்றிய ஷூவை எக்ஸ்ரே பெட்டிக்குள் அனுப்பினாலோ, உள்ளிருப்பதன் வடிவமும் அடர்த்தியும் தெரியுமே ஒழிய, அது இன்ன வெடிமருந்து என்று படமே பெயர் சொல்லிவிடாது. திரையின்முன் உட்கார்ந்திருப்பவரின் கண்ணும் பயிற்சியும்தான் முடிவு செய்ய வேண்டும். துணித்துண்டால் துடைத்து அதில் ஒட்டிய நுண்துகளை ஆராயும் கருவி வெடிமருந்தை இனங்காட்டக் கூடியது. ஆனால் ஒவ்வொருவருக்கும் அதைச் செய்தால் வரிசை நகராது. இந்தக் குறையைப் போக்கவே, நின்ற நிலையில் சில விநாடிகளில் ஷூவை மட்டும் சோதிக்கும் ஸ்கேனர் ஒன்றை அமெரிக்காவின் பசிபிக் நார்த்வெஸ்ட் தேசிய ஆய்வுக்கூடத்தார் உருவாக்கியிருக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2015-ஆம் ஆண்டு விதிகளிலும் ஷூவுக்கென்றே தனிக் கருவிகளுக்கு இடம் இருக்கிறது. எந்த நிலையத்தில் எந்த இயந்திரம் நிற்கிறதோ, அதன் பலத்தையும் பலவீனத்தையும் பொறுத்தே அங்கே கழற்றச் சொல்வதும் சொல்லாததும் அமையும்.

நாடுகளுக்கெல்லாம் பொதுவான விதி எதுவும் இல்லையா என்று தாங்கள் கேட்கக்கூடும். சிகாகோ உடன்படிக்கையின் 17-ஆம் இணைப்பு என்ற ஆவணத்தை, மான்ட்ரியாலைத் தலைமையிடமாகக் கொண்ட சர்வதேச விமானப் போக்குவரத்து ஸ்தாபனம் 1974-இல் ஏற்றுக்கொண்டது. விமானத்தில் ஏறுமுன் பிரயாணியையும் அவர் கைப்பையையும் சோதித்தாக வேண்டும் என்ற கடமையை அது ஒவ்வோர் அரசாங்கத்தின்மீதும் சுமத்துகிறது. எப்படிச் சோதிப்பது என்பதை அவரவர் பொறுப்பில் விட்டுவிடுகிறது. நம் நாட்டில் சிவில் விமானப் பாதுகாப்புச் செயலகம் வகுக்கும் நெறிகளின்படி பெரும்பாலான விமான நிலையங்களில் மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படையினர் சோதிக்கிறார்கள். வாயிலைக் கடந்தவர் ஒவ்வொருவரையும் கைக்கருவி கொண்டு தனியே பார்ப்பது இங்கே ஊறிப்போன முறையாதலால், சந்தேகம் தோன்றினாலன்றி ஷூவைக் கேட்பதில்லை. இந்தியாவிலிருந்து வந்து ஐரோப்பாவில் விமானம் மாறுகிறவர்களை அங்கே மறுபடியும் சோதிக்கிறார்கள் என்பதால், ஒரே பிரயாணத்தில் இரண்டு முறைகளுக்கு உட்பட வேண்டியிருக்கிறது.

இதற்குமேல், முன்கூட்டி ஊகிக்க முடியாதபடி சிலரைத் தேர்ந்து கூடுதலாகச் சோதிப்பதும் பாதுகாப்பின் ஒரு பகுதி. நாளை எந்த வரிசையில் எதைக் கேட்பார்கள் என்று தீயவன் திட்டமாக அறிந்துகொண்டால் அவன் வேலை எளிதாகிவிடும். இந்த அளவில் வேறுபாட்டை நான் மனமார ஆதரிக்கிறேன். ஆனால் ஊகிக்க முடியாமை வேறு, தெளிவின்மை வேறு. 'இந்த வரிசையில் ஷூ அணிந்தே வரலாம். கேட்டால் மட்டும் கழற்றுக' என்று வரிசையின் தலைமாட்டில் ஒரு பலகை நிற்பதால் எந்த இரகசியமும் கசிந்துவிடாது. அமெரிக்காவில் கட்டணம் செலுத்திப் பின்னணி விசாரணைக்கு உட்பட்டவர்களை 2011 முதலே 'பிரீசெக்' என்ற தனி வரிசையில் ஷூவோடு அனுப்பிவந்ததும் எனக்கு உறுத்தலாகவே இருந்துவந்திருக்கிறது. விசாரித்து அறிந்தவரிடம் சோதனையைக் குறைப்பது அறிவுடைமைதான். எனினும் அந்த விசாரணைக்கான வாயில் ஐந்தாண்டுகளுக்குச் சுமார் 80 டாலர் கொடுப்பவருக்கே திறக்கும்போது, மகளைப் பார்க்க வரும் வெளிநாட்டு மூதாட்டி வெறுங்காலோடு நின்றதும், பக்கத்து வரிசையில் அடிக்கடி பறக்கும் வியாபாரி பூட்ஸோடு நடந்ததும் பாதுகாப்பைப் பற்றிய பேச்சாக எனக்குத் தோன்றவில்லை.

தங்கள் காலைப் பற்றியே எனக்கு அதிகக் கவலை. உணர்ச்சி குறைந்த பாதத்தில் தரையில் கிடக்கும் சிறு ஊசிமுனை ஏறினாலும் வலி தெரியாது; தெரியாத புண் ஆறாத புண்ணாகிவிடும். டாக்டர் சொன்னதை விமான நிலையத்துக்காகத் தளர்த்திக்கொள்ள வேண்டாம். நோயினாலோ அங்கக் குறையினாலோ ஷூவைக் கழற்ற இயலாதவர்களுக்கு, கட்டாயம் அமலில் இருந்த காலத்திலேயே டி.எஸ்.ஏ. மாற்று ஏற்பாடு வைத்திருந்தது: அணிந்த நிலையிலேயே ஷூவைக் கண்ணால் பரிசோதித்து, துணித்துண்டால் துடைத்துப் பார்ப்பார்கள். இப்போதும் கூடுதல் சோதனைக்காகக் கழற்றச் சொல்லும் அதிகாரம் அவர்களுக்கு உண்டு என்பதால், கால் நோயைக் குறிப்பிட்டு ஆங்கிலத்தில் டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கிக் கைப்பையில் மேலாக வைத்துக்கொள்ளுங்கள். தட்டில் பையை வைப்பதற்கு முன்பே அதைக் காட்டுங்கள். பிரயாணத்துக்கு 72 மணி நேரம் முன்னதாக 'டி.எஸ்.ஏ. கேர்ஸ்' என்ற உதவிப் பிரிவுக்கு மகளைத் தொலைபேசியில் பேசச் சொன்னால், அங்கே துணைக்கு ஓர் ஊழியரை ஏற்பாடு செய்ய முயல்வார்கள். மற்ற நாடுகளில் கழற்றித்தான் ஆக வேண்டுமென்றால், நாற்காலி கேட்டு உட்கார்ந்து கழற்றுங்கள். கனத்த பருத்திக் காலுறை இல்லாமல் தரையில் கால் வைக்காதீர்கள். நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் நீரிழிவுக்காரர்களுக்குச் சொல்லும் எம்.சி.ஆர். செருப்பில் ஆணி அடிக்காமல் பசையால் ஒட்டியே செய்வது வழக்கம். டாக்டர் சம்மதித்தால், பின்வார் வைத்த அத்தகைய செருப்பைப் பிரயாணத்துக்கு அணிவது மெட்டல் டிடெக்டர் வாயிலிலும் சங்கடத்தைக் குறைக்கும்.

கேள்வி: ஐயா, நான் சிங்கப்பூரில் கட்டட வேலை செய்கிறேன். ஊருக்கு வரும்போதும் போகும்போதும் சேஃப்டி ஷூவைத் தவறாமல் கழற்றச் சொல்கிறார்கள். கூலித் தொழிலாளி என்பதால்தானா?
— ஒரு வாசகர், புதுக்கோட்டை

பதில்: தம்பி, அந்த ஷூவின் முனையில் விரல்களைக் காப்பதற்காக எஃகுக் கவசம் வைத்திருக்கிறார்கள், ஆணி ஏறாமலிருக்க அடியிலும் உலோகத் தகடு இருக்கலாம். அதை அணிந்து போனால் துரையானாலும் தொழிலாளியானாலும் மெட்டல் டிடெக்டர் சத்தமிடவே செய்யும். அதைப் பதிவு செய்யும் பெட்டிக்குள் வைத்துவிட்டுச் சாதாரணச் செருப்போடு வாரும். எடை கூடுமே என்று காலில் மாட்டிவருகிறவர்களை நான் அறிவேன். அப்படியானால் சற்று முன்னதாக வரிசைக்கு வந்துவிடும்; சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் பெரும்பாலும் விமானம் ஏறும் வாயிலருகிலேயே சோதனை நடப்பதால் கடைசி நேரத்தில் அவகாசம் குறைவாக இருக்கும். செருப்போடு போயும் உம்மை மட்டும் தொடர்ந்து நிறுத்தினால், காரணத்தை மரியாதையாகக் கேளும். கேட்க உமக்கு உரிமை உண்டு. சொல்ல மறுத்தால், தேதியையும் வாயில் எண்ணையும் குறித்துக்கொண்டு அந்நிலையத்தின் நிர்வாகத்துக்கு எழுதும்.