இருவகை விளக்கொளியில் நிறம் பிறழாது படமெடுத்தல்

சென்னை–மும்பை இருப்புப் பாதையில், அரக்கோணத்துக்கும் ரேணிகுண்டாவுக்கும் இடையே உள்ளது புத்தூர். நெடுங்காலம் சித்தூர் மாவட்டத்தில் இருந்து, 2022 ஏப்ரலில் திருப்பதி மாவட்டத்தில் சேர்க்கப்பட்ட இவ்வூரின் பெயர், எலும்பு முறிவுக்குப் போடப்படும் ‘புத்தூர்க் கட்டு’ வாயிலாகத் தமிழ்நாடெங்கும் வழங்குகிறது. கட்டுப் போட்ட கையையோ காலையோ வீட்டு விளக்கொளியில் படமெடுக்க நேரும் களப்பணியாளர் ஒன்றை நினைவிற் கொள்ளல் வேண்டும். கட்டு மிக இறுகி இரத்த ஓட்டம் தடைப்படின் விரல் நுனி வெளுக்கும். அல்லது நீலம் பாயும். படம் அவ்வறிகுறியை மறைத்தலும் ஆகாது. இல்லாத நீலத்தைக் காட்டுதலும் ஆகாது.

நிற வெப்பநிலை என்பது யாது?

கரும்பொருள் ஒன்றைச் சூடேற்றினால் முதலில் செந்நிறமாகவும், பின்னர் மஞ்சளாகவும், அதன்பின் வெண்மையாகவும் ஒளிரும்; மேலும் சூடேறின் நீலச் சாயல் பெறும். ஓர் ஒளியின் நிறம் எவ்வெப்பநிலையிலுள்ள கரும்பொருளின் நிறத்தை ஒக்கிறதோ, அதுவே அவ்வொளியின் நிற வெப்பநிலையாகும். இதனைக் கெல்வின் அளவிற் குறிப்பர். மெழுகுவத்திச் சுடர் ஏறத்தாழ 1,900. வீட்டு இழைபல்பு 2,700. நண்பகல் வெயில் 5,500. மின்னணு ஃப்ளாஷ் 5,500 முதல் 6,000 வரை.

நம் கண் விளக்கின் மஞ்சளுக்குப் பழகி, வெள்ளைத் துணியை வெள்ளையாகவே காண்கிறது. காமிராவும் ஒரே வகை ஒளிக்கு ஏற்ப நிறத்தைத் திருத்திக்கொள்ளும். ஆயின் ஒரே படத்தில் இருவகை ஒளி கலந்தால் ஒரு திருத்தம் இரண்டிற்கும் பொருந்தாது. பல்புக்கு ஏற்ப அமைத்தால் ஃப்ளாஷ் பட்ட விரல் நீலமாகும். ஃப்ளாஷுக்கு ஏற்ப அமைத்தால் பல்பின் ஒளி படும் பகுதி மஞ்சளாகும். ஆதலின் இரண்டு ஒளிகளையும் முதலில் ஒரே நிறமாக்குதல் வேண்டும்.

கணக்கிடும் முறை

பத்து இலட்சத்தைக் கெல்வின் எண்ணால் வகுத்தால் கிடைப்பது ‘மைரெட்’ எனப்படும். 5,500 கெல்வின் ஃப்ளாஷுக்கு 182. 2,700 கெல்வின் பல்புக்கு 370. வேறுபாடு 188. ஃப்ளாஷின் முகத்தில் ஒட்டும் ஆரஞ்சு நிறத் தாள்களில் ‘முழு’ அளவுத் தாள் ஏறத்தாழ 159 மைரெட் கூட்டும். ‘எட்டிலொரு’ அளவுத் தாள் 26 கூட்டும். இரண்டையும் சேர்த்தால் 185. ஃப்ளாஷின் ஒளி 367 மைரெட் ஆகிப் பல்பின் ஒளியோடு பெரிதும் ஒன்றும். முழுத் தாள் ஒளியில் ஏறத்தாழ பாதியை விழுங்குமாதலால் ஃப்ளாஷின் வலிமையை அதற்கேற்பக் கூட்டுக.

செய்முறை

1. அறையிலுள்ள விளக்கு எவ்வகையது என்று காண்க. 6,500 கெல்வின் வெண்ணிற எல்.இ.டி. விளக்காயின் ஆரஞ்சுத் தாள் வேண்டா.
2. மஞ்சள் பல்பாயின் தாளை ஒட்டி, காமிராவின் வெண்மைச் சமநிலையை ஏறத்தாழ 2,700 கெல்வினில் அமைக்க.
3. கட்டின் அருகே சாம்பல் நிற அட்டை ஒன்றை வைத்துப் படமெடுக்க. அட்டையில் நிறச்சாயல் தோன்றின் திருத்தம் போதாது என்று அறிக.
4. விளக்கை அணைத்து ஃப்ளாஷ் ஒன்றையே பயன்படுத்த இயலுமாயின் அதுவே எளிது. அப்போது தாள் வேண்டா, பகலொளி அமைப்பே போதும்.

ஆசிரியர்க்கு

சன்னல் வெளிச்சம் குறைவாக வரும் அறையில் மஞ்சள் பல்பு ஒன்றை ஏற்றி, வெள்ளைத் தாளின்மீது பென்சிலை நிறுத்துக. இரண்டு நிழல்கள் விழும். பல்பினால் விழும் நிழலில் பகலொளி மட்டுமே படுவதால் அது நீலமாகவும், சன்னலொளியால் விழும் நிழல் ஆரஞ்சாகவும் தோன்றும். ஓரொளியில் நாம் உணராத நிறவேறுபாடு அருகருகே வைத்த அளவில் வெளிப்படுவதை மாணவர் கண்ணாரக் காண்பர்.

படம் எத்துணைச் செம்மையாயினும் அது பதிவேயன்றி மருத்துவச் சோதனையாகாது. கட்டுக்கு அப்பாலுள்ள விரலில் நீலமோ, வெளுப்போ, மரப்போ, மிகுவலியோ காணின் படத்திற்காகக் காத்திராது உடனே மருத்துவரிடம் அனுப்புக.