பொதி பெரிதானால்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. கணினி அறிவியல்

சென்ற ஆண்டு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள். எங்கள் ஊர்க் கடைத்தெருவில் உள்ள ஓர் இணைய மையத்தில் மாலை ஐந்து மணிக்குப் போய் உட்கார்ந்தேன். கடவுச்சொல் ஏற்கப்பட்டது. பெயர், தந்தை பெயர், ஆண்டு வருமானம் யாவும் பதிவாயின. வருமானச் சான்றிதழின் நகலை அனுப்பும்போது மட்டும் திரையில் வட்டம் சுற்றத் தொடங்கிற்று, சுற்றிக்கொண்டே இருந்தது. பிழை என்றும் வரவில்லை, சரி என்றும் வரவில்லை. மூன்று முறை முயன்ற பின் மையத்துக்காரர் தம் கைப்பேசி இணைப்பைக் கொடுத்தார். அரை நிமிடத்தில் சான்றிதழ் போய்ச் சேர்ந்தது. எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவன் நான். அந்த விண்ணப்பம் தவறியிருந்தால் விடுதிக் கட்டணத்திற்கு வழியே இருந்திராது.

மறுவாரம் இதை எங்கள் பேராசிரியரிடம் சொன்னேன். "சிறியது போகிறது, பெரியது போகவில்லை என்றால் பொதியின் அளவைப் போய்ப் பார்" என்றார். பாக்கெட் என்று நாம் வகுப்பில் சொல்வதையே இங்குப் பொதி என்கிறேன். அதே மையத்திற்குச் சென்று, துண்டாக்கக் கூடாது என்ற குறியுடன் பிங் கட்டளையைக் கொடுத்துப் பார்த்தேன். 1464 பைட் அனுப்பினால் பதில் வந்தது. 1472 அனுப்பினால் பதிலே இல்லை. தலைப்புகளுக்கான 28 பைட்டைக் கூட்டினால் 1492 போகிறது, 1500 போகவில்லை என்று பொருள். அந்த இணைப்பு பி.பி.பி.ஓ.இ. முறையைச் சார்ந்தது. ஒவ்வொரு பொதியிலும் 8 பைட்டை அம்முறை தனக்கென எடுத்துக்கொள்கிறது. "8 பைட் அதிகம், குறைத்து அனுப்பு" என்று ரௌட்டர் கணினிக்குச் சொல்லியிருக்க வேண்டும். பாதுகாப்பு என்ற பெயரில் அச்செய்தியை யாரோ அடைத்து வைத்திருந்தார்கள். கணினிகளின் அளவை 1492 என மாற்றியதும் வட்டம் நின்றது.

இதே கோளாறு மிகப் பெரிய அளவில் நிகழக்கூடிய இடம் ஒன்று உண்டு. அதுவே இணையப் பரிமாற்ற நிலையம். பல இணைய நிறுவனங்கள் தத்தம் ரௌட்டர்களின் கம்பியைக் கொண்டுவந்து ஒரு பொதுவான சுவிட்சில் செருகுகின்றன. ஒருவரிடமிருந்து மற்றவருக்குச் செல்லும் தரவு ஊரைச் சுற்றாமல் அங்கேயே கைமாறுகிறது. ஆம்ஸ்டர்டாம், பிராங்க்பர்ட், ஸ்டாக்ஹோம் நகரங்களில் உள்ளவை பெயர்பெற்றவை. 2003-இல் தொடங்கிய நமது நாட்டு நிக்சி அமைப்பிற்குச் சென்னையிலும் ஒன்று உண்டு. இத்தகைய நிலையங்களில் பெரும்பாலானவற்றின் பொதுத்தளத்தில் ஒரு பொதிக்கு 1500 பைட் என்பதே விதி. இதை 9000 ஆக்கலாகாதா என்பது பல்லாண்டுக் கேள்வி.

1500 எங்கிருந்து வந்தது? 1973-இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்ட்டோ ஆய்வு மையத்தில் பிறந்த ஈதர்நெட், 1980-இல் டிஜிட்டல், இன்டெல், ஜெராக்ஸ் ஆகிய மூன்று நிறுவனங்களின் பொது விதியாக வெளிவந்தது. வேகம் விநாடிக்கு 1 கோடி பிட். எல்லாக் கணினிகளும் ஒரே கம்பியைப் பகிர்ந்தன. நிறைந்த பொதி ஒன்று கம்பியை ஏறத்தாழ 1.2 மில்லிவிநாடி பிடித்துக்கொள்ளும். அதுவரை மற்றவை காத்திருக்க வேண்டும். நினைவகமும் அன்று விலை அதிகம். ஆகவே 1500 நியாயமான அளவே. இன்றோ 100 கிகாபிட் இணைப்புகள் வந்துவிட்டன. வேகம் பத்தாயிரம் மடங்கு ஏறியும் பொதியின் அளவு அசையவில்லை.

என் தந்தை அரிசி மண்டியில் மூட்டை தூக்குகிறார். 100 கிலோ மூட்டைக்குப் பதில் 50 கிலோ வந்ததைப் பற்றிக் கேட்டால், "மூட்டை சிறுசானா தோளுக்கு நல்லது, காலுக்குக் கேடு" என்பார். ரௌட்டரின் கதையும் அதுதான். பொதி சிறியதோ பெரியதோ, ஒவ்வொன்றிற்கும் ஒருமுறை முகவரி பார்க்க வேண்டும். 10 கிகாபிட் இணைப்பு நிறைந்து ஓடும்போது, 1500 பைட் பொதிகள் விநாடிக்கு 8,12,743 வரை வரும். 9000 ஆனால் 1,38,304 மட்டுமே. நூறு கோடி பைட் கோப்பு ஒன்றை அனுப்ப 6,84,932 பொதிகள் வேண்டும். பெரிய பொதியில் 1,11,608 போதும். தலைப்புகளும் இடைவெளியும் போக, கம்பியில் உண்மைத் தரவு 94.9 விழுக்காட்டிலிருந்து 99.1 விழுக்காடாக உயரும். இந்த நான்கு விழுக்காட்டைச் சிலர் பெரிதாகப் பேசுவர். எனக்கு அது பெரிதாகப் படவில்லை, நடை குறைவதே ஆதாயம். தொலைதூர இணைப்புகளில் மற்றொரு பயனும் உண்டு. 1997-இல் மாத்திஸ் முதலிய நால்வர் வெளியிட்ட சூத்திரப்படி, இழப்பு விகிதம் மாறாதபோது டி.சி.பி.யின் வேகம் பொதியின் அளவுக்கு நேர்விகிதத்தில் இருக்கும்.

பிறகு ஏன் மாற்றவில்லை? எனது வட்டத்தின் காரணமே இங்கும் காரணம். வழியில் ரௌட்டர் இருந்து, பொதி பெரிதாயிருந்தால், அது அனுப்பியவருக்குத் திருப்பிச் செய்தி சொல்லும். 1990-இல் வகுத்த முறை இது. சுவிட்சுக்கோ அந்த வாய் இல்லை. அது ஐ.பி. முகவரியைப் பார்ப்பதில்லை, தனக்குப் பெரிதான சட்டகத்தைச் சத்தமின்றிக் கீழே போட்டுவிடும். சுவிட்ச் விட்டாலும், 1500-க்கு அமைந்த எதிர்முனை ரௌட்டரின் இணைப்பு அட்டை அதையே செய்யும். ஒரே தளத்தில் இருப்பவர்கள் அனைவரும் ஒரே அளவினர் என்று ரௌட்டர்கள் நம்புகின்றன. 1500-க்கு அமைந்த சுவிட்சில், நூற்றுக்கணக்கான உறுப்பினர்களில் இருவர் மட்டும் 9000 என்று மாற்றிக்கொண்டு தமக்குள் பேசினால் என்ன ஆகும்? பி.ஜி.பி. உரையாடல் சிறு பொதிகளில் நன்றாகத் தொடங்கும். வழிப்பட்டியல் பெரிய பொதிகளில் வரும்போது நின்றுபோகும். குறித்த நேரம் கடந்ததும் இணைப்பு அறும், மீண்டும் தொடங்கும், மீண்டும் அறும். கடவுச்சொல் போய்ச் சான்றிதழ் போகாத கதைதான்.

போதாக்குறைக்கு 9000 என்பது ஈதர்நெட் விதியில் எழுதப்பட்ட எண்ணன்று. 1990-களின் இறுதியில் ஆல்டியான் என்ற நிறுவனம் முன்வைத்துப் பரவியது. ஒரு சாதனம் 9000 வரை ஏற்கும், மற்றொன்று 9216 வரை. தலைப்பைச் சேர்த்தா சேர்க்காமலா என்பதிலும் ஒற்றுமை இல்லை. 2006-இல் விதியைத் திருத்தியபோதும் சட்டகத்தை 2000 பைட் வரை நீட்டினார்களே ஒழிய, உள்ளிருக்கும் தரவுக்கு 1500-தான்.

ஸ்டாக்ஹோமின் நெட்நாட் நிலையம் செய்தது எனக்குச் சரியாகப் படுகிறது. ஒரே நிலையத்தில் 1500-க்கு ஒரு வி.லேன், 4470-க்கு வேறொரு வி.லேன் என இரண்டை வழங்கியது. பெரியதை விரும்புவோர் தமக்குள் உடன்பட்டு அங்கே பேசிக்கொள்ளலாம். மற்றவர்க்குத் தொல்லை இல்லை. 9000-க்கும் இவ்வாறே தனித்தளம் அமைக்கலாம் என 2011-இல் இணையப் பொறியியல் பணிக்குழுவின் முன் ஒரு வரைவு வந்தது, வரைவாகவே நின்றுவிட்டது. இரண்டாவது தளம் என்றால் இரண்டாவது உரையாடல், இரண்டாவது கண்காணிப்பு. வீட்டில் படம் பார்ப்பவர் வரை முழுவழியும் 1500 ஆக இருக்கையில் நடுவில் ஓரிடத்தை மட்டும் அகலப்படுத்தி என்ன பயன் என்று கேட்பவர்களும் உண்டு. கேள்வி நியாயமானதே. அமெரிக்காவின் இன்டர்நெட்2 போன்ற ஆராய்ச்சி வலைகள் 9000-ஐக் கையாள முடிவது, அவற்றின் இரு முனைகளும் உடன்பட்டவை என்பதால்.

எனினும் ஒன்றை அவர்கள் மறக்கிறார்கள். 1500 நிறைந்த பொதியை இன்னோர் உறைக்குள் இட்டு அனுப்பும் வழக்கம் இன்று பெருகியுள்ளது. ஜி.ஆர்.இ. உறைக்கு 24 பைட் கூடுதலாக வேண்டும், வி.எக்ஸ்.லேன் உறைக்கு 50. அந்த உறை 1500 தளத்தின் வழியே நுழையாது; உள்ளிருப்பதைக் குறைக்க வேண்டியிருக்கிறது. இதற்கு 9000 கூட வேண்டாம், சற்றே தளர்ந்த தளம் போதும். வேகத்தைக் காட்டிலும் இதுவே வலுவான வாதம் என்பது என் கருத்து.

இதை நேரில் காண விரும்பும் நண்பர்கள், நம் ஆய்வகத்தில் ஜன்னலோரம் உள்ள இரு கணினிகளில் ஒன்றை 9000 என்றும் மற்றதை 1500 என்றும் வைத்து, பெரியதிலிருந்து சிறியதற்கு முதலில் 1000 பைட்டும், பின்பு துண்டாக்காமல் 8000 பைட்டும் பிங் செய்து பார்க்கலாம். முடிந்தவுடன் மறவாமல் 1500-க்கு மாற்றி வைத்துவிடுங்கள். நான் ஒருமுறை மறந்துபோய், மறுநாள் முதலாண்டு மாணவர்கள் ஒரு பாடவேளை முழுவதும் வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.