கழுத்துக் குழாய்: எத்தனை சென்டிமீட்டர் உள்ளே?

“டீச்சர், தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கும் என் பாட்டியின் கழுத்தில் ஒரு குழாய் செருகியிருக்கிறார்கள். அதில் அடிக்கோல் போல எண்கள் இருக்கின்றன. எதற்கு?” என்று படிவம் 3 மாணவி ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி! படிவம் 1இல் படித்த அளவீடும் படிவம் 3இல் படித்த இரத்த ஓட்டமும் அந்தக் குழாயில் சந்திக்கின்றன.

குழாய் எங்கே போகிறது?

அதன் பெயர் மையச் சிரைக் கதீட்டர். கழுத்துச் சிரை வழியே நுழைந்து, இதயத்தின் வலது ஏட்ரியத்துக்குச் சற்று மேலே, மேற்பெருஞ்சிரையில் அதன் நுனி நிற்க வேண்டும். கையில் உள்ள மெல்லிய சிரையில் வீரியமான மருந்தை ஏற்றினால் சிரைச் சுவர் புண்ணாகும். மேற்பெருஞ்சிரையிலோ நிமிடத்துக்கு ஏறத்தாழ 2 லிட்டர் இரத்தம் பாய்கிறது. அங்கே விழும் மருந்து உடனே நீர்த்துவிடும். ஒரு வாளிச் சாயத்தைச் சாக்கடையில் ஊற்றுவதற்கும் ஆற்றில் ஊற்றுவதற்கும் உள்ள வேறுபாடுதான் இது.

குறைந்தாலும் கூடினாலும் ஆபத்து

நுனி மேலேயே நின்றுவிட்டால் இரத்தம் உறையும் வாய்ப்பு கூடும். அதிக ஆழம் போனால் இதயச் சுவரைத் தொட்டுத் துடிப்பின் சீரைக் குலைக்கும். அரிதாகச் சுவரைத் துளைத்தும்விடும். அப்போது இதயத்தைச் சுற்றியுள்ள உறைக்குள் இரத்தம் தேங்கி, இதயத்தை விரிய விடாமல் நெருக்கும். உயிர் போகும் நிலை அது.

உயரத்திலிருந்து ஆழம்

உயரமானவருக்குப் பாதையும் நீளம். 1990இல் பெரஸ் என்பவர் பெரியவர்களுக்காக ஓர் எளிய கணக்கை வெளியிட்டார். வலது கழுத்துச் சிரை என்றால் உயரத்தை (செ.மீ.) 10ஆல் வகுக்க வேண்டும். இடது கழுத்துச் சிரை என்றால் அதனுடன் 4 கூட்ட வேண்டும்.

160 செ.மீ. உயரமுள்ளவருக்கு வலப்பக்கம் 16 செ.மீ., இடப்பக்கம் 20 செ.மீ. ஏன் 4 கூடுதல்? மேற்பெருஞ்சிரை நெஞ்சின் வலப்புறத்தில் இருக்கிறது. இடப்பக்கத்திலிருந்து வரும் குழாய் நெஞ்சின் நடுப்பகுதியைக் குறுக்கே கடந்துதான் அதை அடைய வேண்டும்.

சூத்திரம் போதுமா?

போதாது. ஒரே உயரமுள்ள இருவரின் கழுத்து நீளம் ஒன்றாக இருப்பதில்லை. ஊசி குத்தும் இடமும் மருத்துவருக்கு மருத்துவர் மாறும். எனவே சூத்திரம் தருவது மதிப்பீடு மட்டுமே. பிறகு எக்ஸ்ரே எடுத்துச் சரிபார்ப்பார்கள். மூச்சுக்குழல் இரண்டாகப் பிரியும் இடம் எக்ஸ்ரேயில் நன்றாகத் தெரியும். நுனி அந்த மட்டத்தைத் தாண்டிக் கீழே போகாமல் இருந்தால், அது இதய உறைக்கு வெளியே இருக்கிறது என்று கொள்ளலாம்.

நுனி ஆழமாக இருந்தால் குழாயைச் சற்று வெளியே இழுக்கலாம். குறைவாக இருந்தால்? வெளியே இருந்த பகுதியில் கிருமிகள் ஒட்டியிருக்கலாம் என்பதால் அதை உள்ளே தள்ளக்கூடாது.

எக்ஸ்ரேயில் பார்ப்பது பழைய வழக்கம். 1929இல் ஜெர்மனியின் எபர்ஸ்வால்ட் நகரில் வெர்னர் போர்ஸ்மன் என்ற இளம் மருத்துவர், தம் கைச் சிரை வழியே 65 செ.மீ. குழாயைத் தாமே செலுத்திக்கொண்டு, எக்ஸ்ரே அறைக்கு நடந்து போய் நுனி இதயத்தை அடைந்ததைப் படம் எடுத்தார். 1956இல் மேலும் இருவருடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். தன் உடலில் அவர் செய்த அந்தச் சோதனை மிக ஆபத்தானது, யாரும் பின்பற்றத்தக்கதன்று.

மாணவர்களே, பாட்டியின் குழாயில் உள்ள எண்ணைத் தாதியர் அவ்வப்போது பார்த்துக் குறித்துக்கொள்வார்கள். எண் மாறினால் குழாய் நகர்ந்துவிட்டது என்று பொருள். பார்க்கப் போகும் நாம் அதைத் தொடாமல் இருப்பதே நாம் செய்யும் உதவி.

பயிற்சி

1. 150 செ.மீ. உயரமுள்ளவருக்கு இடது கழுத்துச் சிரை வழியே எத்தனை செ.மீ.?
2. 170 செ.மீ. உயரமுள்ளவருக்குச் சூத்திரப்படி வலப்பக்கம் குழாய் செருகப்பட்டது. நுனி 3 செ.மீ. ஆழமாக இருப்பதை எக்ஸ்ரே காட்டுகிறது. சரிசெய்தபின் தோலருகே எந்த எண் தெரியும்?

விடை: 1) 19 செ.மீ. 2) 14