மூழ்கிய சம்பாவைக் காக்கும் மரபணு

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் காவிரிப் படுகையின் தாழ்வான வயல்களில் சம்பாப் பயிர் தண்ணீருக்குள் மறைந்து போவது புதிதல்ல. மூன்று, நான்கு நாட்களில் தண்ணீர் வடிந்தால் பயிர் தேறிவிடும். ஒரு வாரத்தைத் தாண்டினால் பெரும்பாலும் அழுகிய தாள்தான் மிஞ்சும். ஆனால், பத்து நாட்களுக்கு மேல் மூழ்கிக் கிடந்தும் மீண்டும் துளிர்க்கும் ரகங்களும் உண்டு. இரண்டும் நெல்தான். பிறகு ஏன் இந்த வேறுபாடு?

செல்லுக்குள் ஒரு நீர்க்கட்டி

பயிரின் ஒவ்வொரு செல்லின் உட்கருவிலும் ஜீன்கள் எனப்படும் மரபணுக்கள் உள்ளன. நெல்லில் இவை சுமார் 40 ஆயிரம். வேரிலும், இலையிலும், கதிரிலும் இருப்பவை அதே மரபணுக்கள்தான். ஆனால் எல்லாம் எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் வேலை செய்வதில்லை.

ஒரு மரபணு வேலை செய்ய, முதலில் அதிலுள்ள செய்தி படியெடுக்கப்பட வேண்டும். எதைப் படியெடுப்பது, எதை நிறுத்தி வைப்பது என்பதைச் சில தனிப்பட்ட புரதங்கள் முடிவு செய்கின்றன. இவை மரபணுவின் தலைப்பகுதியை ஒட்டிப் பிடித்து அதன் வேலையை முடுக்கும் அல்லது தடுக்கும். இவற்றிற்குப் படியெடுப்புக் காரணிகள் என்று பெயர். ஏரிப் பாசனத்தில் நீர்க்கட்டி நெல் விளைவிப்பதில்லை. எந்த மடையை எப்போது திறப்பது, எப்போது அடைப்பது என்பது மட்டுமே அவர் பொறுப்பு. இக்காரணிகளின் வேலையும் அதுவே. தூர் கட்டுவது, பூப்பது, கதிர் கிளைப்பது எல்லாம் இவற்றின் பிடியில் உள்ளன.

வளர்வதே ஆபத்து

பயிர் தன்னுள் எத்திலீன் என்ற வாயுவை உண்டாக்குகிறது. சாதாரணமாக அது காற்றில் கலந்துவிடும். பயிர் மூழ்கியதும் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்குகிறது. இதனால் ஜிப்ரலின் என்ற வளர்ச்சி ஊக்கி வேகமாகச் செயல்பட, பயிர் நீர்மட்டத்தை எட்டிப் பிடிக்க உயரமாக நீளுகிறது. கலங்கல் நீரில் வெளிச்சம் குறைவு. உணவுத் தயாரிப்பும் குறைவு. சேமித்து வைத்த மாவுச்சத்து நீளுவதிலேயே தீர்ந்துபோகிறது. தண்ணீர் வடிந்ததும் மெலிந்த பயிர் சாய்ந்து மடிகிறது.

அடக்கி வைக்கும் காரணி

ஒடிசாவின் பழைய நாட்டு நெல்லிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட எப்.ஆர். 13ஏ என்ற ரகம் வெள்ளத்தைத் தாங்குவதில் பெயர் பெற்றது. இந்தத் தன்மை 9வது குரோமோசோமில் இருப்பது 1996ல் தெரியவந்தது. அங்குள்ள சப் 1ஏ என்ற மரபணுவே காரணம் என்று 2006ல் கண்டறியப்பட்டது. அது உண்டாக்கும் புரதம் ஒரு படியெடுப்புக் காரணி.

பயிர் மூழ்கியதும் அதே எத்திலீன் இக்காரணியைத் தட்டி எழுப்புகிறது. இது ஜிப்ரலினுக்குத் தடை போடும் புரதங்களைப் பெருக்குகிறது. வளர்ச்சி அடங்குகிறது, சேமித்த உணவும் இலைப் பச்சையமும் மிஞ்சுகின்றன. தண்ணீர் வடிந்ததும் அந்தச் சேமிப்பைக் கொண்டு புது இலை விடுகிறது.

மாதக் கணக்கில் ஆழமாக நீர் நிற்கும் இடங்களுக்கு இந்த வழி உதவாது. அங்கே பயிராகும் ஆழ்நீர் நெல்லில் இதே குடும்பத்தைச் சேர்ந்த வேறு இரு காரணிகள், நாளொன்றுக்கு 20 முதல் 25 சென்டிமீட்டர் வரைகூடத் தண்டை நீளச் செய்கின்றன. இதை 2009ல் ஜப்பானிய விஞ்ஞானிகள் கண்டறிந்தனர். ஒரே குடும்பம், கட்டளை மட்டும் நேர் எதிர்.

நமக்கு உகந்த ரகம்

சப் 1 மரபணு, இனக்கலப்பு முறையிலேயே பிரபல ரகங்களில் சேர்க்கப்பட்டது. சுவர்ணா சப் 1 இந்தியாவில் 2009ல் வெளியிடப்பட்டது. பொன்மணி என்று தமிழக விவசாயிகள் அறிந்த சி.ஆர். 1009 ரகத்திலும் இது சேர்க்கப்பட்டு, சி.ஆர். 1009 சப் 1 என்ற பெயரில் சம்பாப் பட்டத்துக்குக் கிடைக்கிறது. நீண்ட வயதுடைய ரகம் என்பதால் முன்கூட்டியே விதைக்க வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

இந்த ரகங்கள் இளம் பருவத்தில் சுமார் இரண்டு வாரம் மூழ்குவதைத் தாங்கும். முளைக்கும் விதையையோ, பூக்கும் பயிரையோ இம்மரபணு காக்காது. பாதி உயரத்துக்குத் தண்ணீர் நெடுநாள் தேங்கும் வயலிலும் பலன் குறைவே. ஆகவே வடிகாலைத் தூர் வாரி வைப்பதற்கு இது மாற்று ஆகாது.

கனமழை எதிர்பார்க்கும் நேரத்தில் யூரியா இடக் கூடாது. தழைச்சத்து மிகுந்த பயிர் மூழ்கினால் தேறுவது கடினம். தண்ணீர் வடிந்த மறுநாளே, பயிர் போய்விட்டது என்று வயலை உழுதுவிடவும் கூடாது. சில நாள் பொறுத்து, குத்துகளின் நடுவில் புதுக் குருத்து வருகிறதா என்று பார்க்க வேண்டும். குருத்து வந்தபின் மேலுரம் இட்டு, வெற்றிடங்களில் தூர் மிகுந்த குத்துகளைப் பிரித்து நட்டால் போதும். மறு நடவுச் செலவு மிச்சமாகும்.