அபராதம் கட்டிய வாரம்

போன வருஷம் பொங்கல் கழிந்த வாரம், கும்பகோணம் சாலையில் என் தம்பியை நிறுத்தி ஊதச் சொன்னார்கள். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹாலைத் தாண்டினாலே வழக்கு. அவன் அதைப் பல மடங்கு தாண்டியிருந்தான். அறுப்புக் கூலி கையில் இருந்த நேரம்.

கோர்ட்டில் 10,000 ரூபாய் அபராதம். அவன் மனைவியின் தோட்டை அடகு வைத்துக் கட்டினோம். ரசீதைக் காட்டியதும் வண்டியைக் கொடுத்துவிட்டார்கள். குடியை நிறுத்த எங்கே போவது என்று அங்கே யாரும் சொல்லவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவில் அபராதமும் சிறையும் உண்டு, சிகிச்சை என்ற பேச்சே இல்லை.

“எங்க வேணா கூட்டிட்டுப் போக்கா” என்று அவன் வாய்விட்டுச் சொன்னது அந்த ஒரு வாரம்தான். அதை நாங்கள் வீணாக்கினோம்.

முதலில் கோயிலுக்குப் போய்க் கயிறு கட்டினோம். அன்றோடு நிறுத்தினான். மறுநாள் கை நடுங்கியது. மூன்றாம் நாள் ராத்திரி சுவரெல்லாம் எறும்பு ஊர்கிறது என்று அலறினான். விடியும் முன் வலிப்பு. 108-ல் ஏற்றிக்கொண்டு ஓடினோம். “தினமும் குடிக்கிறவனை ஒரே நாள்ல நிறுத்தி வீட்டுல படுக்கப் போடலாமா? உசுரே போயிருக்கும்மா” என்று டாக்டர் திட்டினார். குடியை நிறுத்திய முதல் நாலைந்து நாளைத் தாண்டவே மாத்திரையும் பி1 வைட்டமின் ஊசியும் வேண்டுமாம். கயிற்றின் மேல் எனக்குக் கோபமில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு கட்டியிருக்கலாம்.

சாம்பாரில் கலக்கச் சொல்லி அவன் மாமியார் ஏதோ பொடி வாங்கி வந்திருந்தார். நல்லவேளை, டாக்டரிடம் காட்டினோம். குடியை நிறுத்தக் கொடுக்கும் டைசல்பிரம் மாதிரியான மருந்தைத் தெரியாமல் தின்றுவிட்டுக் குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து ஆளே போகலாம் என்றார். பொடியைக் கொல்லையில் கொட்டினேன்.

தனியார் குடிபோதை மறுவாழ்வு மையம் ஒன்றையும் பார்த்தோம். வாடகை வீடு, வெளியே பூட்டு. பதிவுச் சான்றிதழைக் கேட்டால் பேச்சை மாற்றினார்கள். 2017ஆம் வருஷத்து மனநலச் சட்டப்படி இப்படிப்பட்ட இடங்களுக்குப் பதிவு கட்டாயம்; யாரையும் சங்கிலியில் கட்டக்கூடாது. முன்பணம் கட்டாமல் திரும்பினோம்.

கடைசியில் வழி காட்டியது 14416 என்ற இலவச மனநல உதவி எண்தான். மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகச் சொன்னார்கள். “நான் என்ன பைத்தியமா?” என்று தம்பி முறைத்தான். “வலிப்புக்குத்தான்டா காட்டப் போறோம்” என்று அழைத்துப் போனேன். அது பொய்யும் இல்லை. ஓ.பி. சீட்டு காலையில்தான், முதல் பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும். தாலுகா ஆஸ்பத்திரிக்கு மனநல டாக்டர் எந்தக் கிழமை வருவார் என்றும் அங்கேயே கேட்டுக்கொண்டேன். அதற்குப் பிறகு பாதி அலைச்சல் மிச்சம்.

எங்கள் பக்கத்து மஞ்சக்குடியில் 1989லேயே சென்னை டி.டி.கே. மருத்துவமனைக்காரர்கள் ஊருக்கு வந்து முகாம் போட்டுக் குடிக்குச் சிகிச்சை கொடுத்திருக்கிறார்கள். எல்லா ஊருக்கும் அப்படி வாய்ப்பதில்லை. அதனால் ஊதச் சொன்ன அன்றைக்கே 14416-ஐக் கூப்பிடுங்கள். அபராதத்தை அப்புறம் கட்டிக்கொள்ளலாம்.

ஆடியில் ஒரு நாள் மறுபடி குடித்தான். மறுநாள் அவனே பஸ் ஏறிப் போய் டாக்டரிடம் சொல்லிவிட்டு வந்தான். வண்டிச் சாவி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.